கெட்டது மாமாவின் லைன் அல்ல

தம்பி,

இதை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி. படித்த பிறகு நீ சாப்பிட மாட்டாய் என்று எனக்குப் பயம், அதனால்தான் முதலிலேயே சாப்பிடச் சொல்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று தடவையும் "கேஸ் புக் பண்ணிட்டீங்களாப்பா, அங்க மழ உண்டா?" என்று நீ கேட்டாய், நானும் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் டைப் பண்ணி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் போய்விட்டது. இப்போதெல்லாம் கடலூரில் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் எண்ணிச் சொல்ல முடியும். சரி, கையாலேயே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை மாதிரியை உனக்குப் படித்துக் காட்டினேன். பெண் வீட்டார் பெயருக்கு 'ம்' கொட்டினாய், முகூர்த்த நேரத்துக்கு 'ம்' கொட்டினாய். தாய்மாமன் என்று போட்டுச் சிதம்பரத்து மாமா பெயரைப் படித்ததும் "அது வேணாம்ப்பா" என்றாய். நான் ஏதோ முணுமுணுத்தேன். "மாலை எடுத்துக் குடுக்க வேற யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க. அந்த ஆளு வந்தா நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்றாய். அந்த ஆள்! உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர், நீ உதைத்த உதையில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், இன்றைக்கு உனக்கு அந்த ஆள். உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. அம்மாவின் கடைசி நாட்களில் வீடியோ நின்று நின்று போனதற்கு மாமாவின் ஓட்டை லைன்தான் காரணம் என்று நீ ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். அவர் லைன் நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது நான். எழுதிவிட்டேன். இதற்கு மேல் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட மாட்டேன் என்று நம்புகிறேன்.

எப்படி என்று உனக்குப் புரிய வேண்டும், அதனால் கொஞ்சம் தொழில் கதை கேள். 2004இல் நான் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சென்டரோடு இன்டர்நெட் லைன் கொடுக்கிற வேலையையும் ஆரம்பித்தேன். மாமா சிதம்பரத்தில் கேபிள் டிவி வைத்திருந்தவர், அவரும் அதே வருஷம் இறங்கினார். தைரியம் சொன்னதே அவர்தான். "தனித்தனியா பண்ணுவோம் மாப்ள, ஆனா ஒண்ணா நிப்போம்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே லைன் கொடுத்தது இரண்டு வேறு வேறு பெரிய கம்பெனிகள். அதில்தான் வேடிக்கை. கடலூரில் என் வாடிக்கையாளர் ஒருவர் சிதம்பரத்தில் மாமாவின் வாடிக்கையாளருக்கு ஒரு போட்டோ அனுப்பினால், அது என் கம்பெனி வழியாக மும்பை போய், கடல் தாண்டி, எங்கேயோ வெளிநாட்டில் அவருடைய கம்பெனியைச் சந்தித்து, அங்கிருந்து திரும்பி வந்து சிதம்பரத்தில் இறங்கும். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவு பக்கத்து ஊர்! பண்ருட்டிப் பலாப்பழம் லாரி ஏறிக் கோயம்பேடு போய்விட்டு நம் மார்க்கெட்டுக்கே திரும்பி வருகிற கதைதான்.

இந்தச் சுற்றுவழியை ஒழிக்கத்தான் சென்னையில் ஒரு பொது இடம் வந்தது. பெரிதாக எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. ஏசி போட்ட ஓர் அறை, நடுவில் எல்லா வயரையும் இணைக்கிற ஒரு பெரிய ஸ்விட்ச் பெட்டி. கம்பெனி பெரியதோ சின்னதோ, அவரவர் வயரைக் கொண்டுவந்து அதில் சொருகுவார்கள். சொருகினால் மட்டும் போதாது. அவரவர் ரூட்டர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், இன்ன இன்ன முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, அவர்களுக்கு வருவதை நேராக என்னிடமே கொடுங்கள் என்று. மற்றவர்கள் சொல்வதையும் அது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சொல்வதும் கேட்பதும் சரியாக நடந்தால் கடலூர்ச் சரக்கு சென்னையிலேயே கைமாறிச் சிதம்பரம் போய்விடும். நானும் மாமாவும் ஒரே நாளில் போய் வயர் சொருகினோம். அன்றைக்கு அவர் அந்தக் குளிரில் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு, "கடலூரும் சிதம்பரமும் கைகுலுக்கிக்கிச்சு மாப்ள" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கே ஒரு வசதி உண்டு. யாரோடு பேசுவது, யாரோடு பேசக்கூடாது என்பதை அவரவரே முடிவு பண்ணிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வருஷமே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. எதற்கு என்று நினைக்கிறாய்? புதுச்சத்திரத்துக்கு. பாதி வழியில் இருக்கிற ஊர் அது. நான் கம்பம் பார்த்து வைத்திருந்த தெருவில் மாமாவின் ஆட்கள் வயர் இழுத்துவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அதைக் கேட்டேன். அவர் சாம்பார் வாளிக்காரரை நிறுத்தி எனக்கு ஊற்றச் சொல்லிக்கொண்டே, "கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறது வேற மாப்ள, தொழில் பண்றது வேற" என்றார். வரிசையே சிரித்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். நம் குடும்பங்களில் சண்டை என்றால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியுமே. கத்த மாட்டோம், அடிக்க மாட்டோம். பேச்சுவார்த்தையை நிறுத்திவிடுவோம். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை, நம் வீட்டுக்கு அழைப்பதில்லை. நான் அதோடு நின்றேனா? கடைக்கு வந்ததும் ரூட்டரைத் திறந்து இரண்டு வரி அடித்தேன். ஒரு வரி, மாமாவின் கம்பெனி சொல்வதைக் கேட்காதே. இன்னொரு வரி, நம்முடையதை அவர்களுக்குச் சொல்லாதே. உலகத்தில் எவனாவது இப்படிச் செய்வானா? மச்சான் மேல் இருந்த கோபத்துக்கு மெஷினையும் பேச்சுவார்த்தை இல்லாமல் பண்ணினேன். மறுபடியும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எல்லாமே கடல் தாண்டிப் போய்வர ஆரம்பித்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அம்மாவுக்குத் தொண்டையில் அந்த வியாதி வந்தது. சிதம்பரத்தில்தான் ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் போக வேண்டும், பஸ்ஸில் அலைய முடியாது. மாமா வந்து எதுவும் கேட்கவில்லை, காரைக் கொண்டுவந்து நிறுத்தித் தங்கையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அத்தைதான் கஞ்சி காய்ச்சிக் குழாயில் ஊற்றினாள். அம்மாவுக்குக் குரல் போய்விட்டது, அதனால் போன் உதவாது. நீ பன்னிரண்டாவது. பரீட்சை முடிகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று எழுதிக் காட்டினாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆறரைக்கு மாமா ஆபீஸில் கேமரா முன்னால் வந்து உட்காருவாள். நீ நம் கடையில் உட்காருவாய். பலகையில் எழுதிக் காட்டுவாள், நீ வாயால் பதில் சொல்வாய். 'சாப்டியா' என்பது வந்துவிடும். அடுத்ததை எழுதிப் பலகையைத் தூக்குவாள், படம் அப்படியே நின்றுவிடும். பாதிப் பலகை, பாதி முகம். நீ மேஜையைத் தட்டுவாய். மறுபடி வரும்போது அவள் பலகையை இறக்கியிருப்பாள்.

பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், தம்பி. படம் ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், அது கடல் தாண்டிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இரண்டு வரியை அழித்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. ஏன் அழிக்கவில்லை என்று நீ கேட்பாய், நானே என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அழித்தால் அன்றைக்கே மாமாவுக்குத் தெரிந்துவிடும், மாப்பிள்ளை இறங்கி வந்துவிட்டான் என்று. என் பொண்டாட்டியை அவர் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், அந்தக் கடனே கழுத்து வரைக்கும் இருக்கிறது, இதிலும் நானே குனிய வேண்டுமா என்று ஒரு வீம்பு. அதை வேறு எந்தப் பெயரிலும் சொல்ல முடியாது, வீம்புதான். ஒரு நாள் நிஜமாகவே திறந்து உட்கார்ந்தேன். யாரோ லைன் வரவில்லை என்று போன் பண்ணினார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நிமிஷ வேலைதானே என்று. பெரிய வேலையாக இருந்திருந்தால் பயந்துகொண்டாவது முடித்திருப்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், இதை மட்டும் கேட்டுக்கொள். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான் என்றால், அதை அன்றைக்கே சொல்லிவிடு. சின்னதுதானே என்று தள்ளிப் போடாதே.

கடைசிச் சாயங்காலம் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அம்மா அன்றைக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பலகையைக் கையில் எடுத்தாள், படம் நின்றது. நின்றது நின்றதுதான். நீ ரொம்ப நேரம் பார்த்தாய். "ஒரு லைனக்கூட ஒழுங்கா வச்சிக்கத் துப்பில்ல, இவரெல்லாம் ஒரு மாமா" என்று சொல்லி மானிட்டரை அணைத்துவிட்டுப் படிக்கப் போனாய். மறுநாள் விடியும்போது அத்தை போன் பண்ணினாள். மாமாதான் அம்மாவை வேனில் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணன் வீட்டுக் கோடித் துணியை அவர் போர்த்த வந்தபோது நீ குறுக்கே நின்றாய். "ஒங்க லைனாலதான் எங்கம்மா மூஞ்சியக்கூட கடைசியா நான் சரியா பாக்கல. கோடியப் போட்டுட்டுப் போயிடுங்க. இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறாதீங்க" என்றாய். அத்தனை பேர் முன்னால். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோடியைப் போர்த்திவிட்டுத் தெருவில் இறங்கி நின்றார். நீ மொட்டைத் தலையோடு போய் மிச்சப் பரீட்சையை எழுதினாய். காரியம் எல்லாம் முடிந்த பிறகு நான் கடைக்குப் போய் அந்த இரண்டு வரியை அழித்தேன். அதன் பிறகு சிதம்பரத்துக்கு லைன் கண் மூடித் திறப்பதற்குள் போய் வந்தது. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன், எல்லாம் கெட்ட பிறகு அழுது என்ன புண்ணியம்.

நானும் மாமாவும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும். அதுவே உனக்கு என் மேல் வருத்தம். சண்டை போட்டவர்கள் சேர்ந்துவிட்டோம், சம்பந்தமே இல்லாத நீ அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய். போன டிசம்பர் புயலில் நம் தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை, நீ பெங்களூரில் இருந்தாய், என் போனும் செத்துப்போயிருந்தது. மாமா ஒரு குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, சாய்ந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தார். நான் கெஞ்சினேன், "உள்ள வாங்க மச்சான், ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்று. "வேணாம் மாப்ள, புள்ள சொல்லியிருக்குது" என்றார். ஜெனரேட்டர் ஓடுகிற வரைக்கும் தெருவிலேயே நின்று, செம்பை வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே!

போன புதன்கிழமை சிதம்பரம் போனேன். பத்திரிகையில் அவர் பெயர் வராது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், கோழை. வடக்கு வீதியில் அவர் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். உட்கார்ந்ததும் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மச்சான், அன்னைக்கு லைன் ஒங்களால நிக்கல. நாந்தான் மூடி வச்சிருந்தேன்" என்றேன்.

"மொதல்ல டீயக் குடிங்க" என்றார். அப்புறம், "தெரியும் மாப்ள" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"தங்கச்சி வந்த ரெண்டாம் நாளே எங்க எஞ்சினியர் பாத்துட்டு வந்து சொன்னாரு. நம்ம பக்கம் தெறந்துதான் இருக்குது, கடலூர்க்காரங்கதான் மூடியிருக்காங்கன்னு. ஒங்களக் கூப்புடலாம்னு போன எடுத்தேன். தங்கச்சி கையப் புடிச்சிக்கிச்சு. 'கேக்காதீங்க, அவரே தெறந்துடுவாரு'ன்னு எழுதிக் காமிச்சுது."

தினமும் ஆறரைக்கு அவள் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது உனக்காக மட்டும் இல்லை, தம்பி. இன்றைக்காவது இவர் லைனைத் திறந்திருப்பார் என்று பார்க்கவும்தான். என்னை அவ்வளவு நம்பினாள். இதை அறிந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை, உனக்கும் இல்லாமல் போகும், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாவு வீட்டில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மாமாவைக் கேட்டேன். அவர் கோபப்பட்டார். முதல் தடவையாக அன்றைக்குத்தான் என்னிடம் குரலை உயர்த்தினார். "என்னா பேசுறீங்க? பெத்தவ போயிட்டா. அன்னைக்கே அப்பன் மேலயும் வெறுப்பு வந்துச்சுன்னா அந்தப் புள்ள எங்க போவான்? என்னைய வெறுத்துட்டுப் போறான், எனக்கென்ன?" என்றார். எனக்கென்ன என்று சொன்னவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "அவன்கிட்ட சொல்லிடாதீங்க மாப்ள. கல்யாண நேரம், மனசு ஒடஞ்சிடுவான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இது தெரியாது.

பயமாக இருக்கிறது. நீ என்ன செய்வாய் என்று நூறு விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு என்னை வர வேண்டாம் என்பாயோ, உன் பொண்டாட்டியிடம் என்னைப் பற்றி என்ன சொல்வாயோ, இனி 'அப்பா' என்று போன் வராதோ. எது வந்தாலும் நியாயம்தான், எனக்கு வக்காலத்து வாங்க நானே வரமாட்டேன். ஆனால் அவர் மறுபடியும் தெருவில் நிற்கக் கூடாது. உன் கல்யாணத்தில் நிற்கக் கூடாது.

படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே. மாமா நம்பரை நீ அழித்திருப்பாய், தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவர் போனை எடுத்ததும் என்ன பேசுவதென்று உனக்குத் தெரியாது. மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதே, அவர் தாங்க மாட்டார். 'மாமா' என்று மட்டும் கூப்பிடு. மிச்சத்தை அவரே பேசுவார்.

அப்பா